உன் ஆராய்ச்சியில் தப்பாக இருக்கும் ஒரு வரி

பாப்பா,

உன் ஆராய்ச்சிப் புத்தகத்தில் ஒரு வரி தப்பாக இருக்கிறது. பூச்சி மருந்து அடிக்கிறவர்களின் மூளையையும் நரம்பையும் அந்த மருந்து என்ன செய்கிறது என்று வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு நீ எழுதிய புத்தகம். உனக்கு வழிகாட்டுகிற மேடம் படித்தார்கள், வெளியூர்ப் பேராசிரியர்கள் படித்தார்கள், யார் கண்ணிலும் அது படவில்லை. எட்டாவதோடு நின்ற எனக்குப் பட்டுவிட்டது. அப்பா பெரிய புத்திசாலி ஆகிவிட்டார் என்று நினைத்துவிடாதே. அந்த வரி தப்பு என்று தெரிந்தவன் நான், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரதியைக் கொடுக்கப் போகிறாய், ஞாயிற்றுக்கிழமை மேற்கொண்டு ஆராய்ச்சிக்கு வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறாய். அதற்குள் சொல்லியாக வேண்டும். மூன்று நாளாக உன் பின்னாலேயே சுற்றிப் பார்த்துவிட்டேன், வாய் வரவில்லை. ஊர்க்கதை பேசச் சொன்னால் நிறுத்தாமல் பேசுகிற மனுஷனுக்கா வாய் வரவில்லை என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் வைக்கிறேன். உன் மேடம் படித்தாலும் சரி, என்னோடு மருந்து அடிக்கிற எங்கள் ஆட்கள் படித்தாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை.

இங்கிலீஷ் புத்தகத்தை நான் எப்படிப் படித்தேன் என்று கேட்பாய். நீ மேசைமேல் வைத்துவிட்டுப் போன பிரதியை அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள். ஆவடியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இருபத்தாறு வருஷம் இங்கிலீஷில் கடிதம் அடித்தவளாயிற்றே. சாயங்காலம் காபி குடித்த பிறகு ஒரு மணி நேரம் அவள் படித்துத் தமிழில் சொல்வாள், நான் கேட்பேன். ஒரு பக்கம் முடிவதற்குள் நாலு தடவை நிறுத்துவேன். "இத்த நம்ம பாப்பாவா எழுதிச்சி?" என்பேன். "இல்ல, பக்கத்து ஊட்டுக்காரரு எழுதினாரு. கம்முனு கேளுங்க" என்பாள். இஸ்திரி போடுகிறவரிடம் சொல்லியாகிவிட்டது, தண்ணீர் கேன் கொண்டுவருகிறவரிடம் சொல்லியாகிவிட்டது. வங்கி வரிசையில் முன்னால் நின்ற ஒருவரிடம் என் பெண் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். டோக்கன் நம்பர் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். உன்னைப் பற்றி மார்தட்டிக்கொள்வதில் எனக்கு என்றைக்கும் வெட்கம் இருந்ததில்லை.

அப்படி ஆனந்தமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வரி வந்தது. மருந்தை எப்படிக் கலக்குகிறீர்கள் என்று முதல் முறை கேட்டபோது தொழிலாளர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பொய்ப் பதில் சொன்னார்கள், உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் போய்விடும், பிழைப்பு போய்விடும் என்ற பயம்தான் அதற்குக் காரணம் என்று எழுதியிருக்கிறாய். அம்மா அதைச் சொன்னதும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். யாருக்கும் பயம் இல்லை பாப்பா. காரணம் நான்.

இதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி கேன்டீன்களுக்குக் கரப்பான் மருந்து அடிக்கிற வேலையில்தான் நான் தொடங்கினேன். அப்புறம் அயனம்பாக்கம் ஏரிப் பக்கமும் பூந்தமல்லி ரோட்டிலும் அடுக்குமாடிகள் வரிசையாக எழும்பின. மனிதர்கள் குடிவருவதற்கு முன்னால் கரையான் குடிவந்துவிடும், எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. மருந்துப் பாட்டிலோடு கோடு போட்ட அளவு மூடி ஒன்று வரும். ஒரு பக்கெட் தண்ணீருக்கு இத்தனை மூடி என்று பாட்டில்மேல் எழுதியிருக்கும். எங்கள் தொழிலில் அந்த மூடியைத் தொடுகிறவன் கத்துக்குட்டி. அனுபவசாலி பாட்டிலைக் கவிழ்ப்பான், குச்சியால் கலக்குவான், பக்கெட்மேல் குனிந்து ஒரு இழுப்பு இழுப்பான், போதும் அல்லது போதாது என்பான். அந்த இழுப்பில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால் எங்கள் ஆட்கள் எனக்கு வைத்த பெயர் மூக்கு அண்ணாத்தே. மாஸ்க் போட்டுக்கொண்டு எப்படி முகர்வது? அதனால் மாஸ்க்கும் கிடையாது. வீட்டுக்காரர்களும் எங்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்து குடியிருந்த ஒரு அம்மா, நான் அடித்து முடித்துக் கிளம்பும்போது வாசலில் மறித்துக்கொண்டு, "ஏனுங்ண்ணா, வாசமே வரலீங்களே, மருந்து ஊத்துனீங்களா இல்லீங்களா?" என்று கேட்டார். திரும்பிப் போய் இன்னொரு பங்கு ஊற்றி அடித்தேன். மூக்கில் ஏறினால்தான் மருந்து என்று அவர்களும் நம்பினார்கள், நாங்களும் நம்பினோம்.

இந்தத் தொழிலில் வந்த சோற்றைத் தின்று வளர்ந்த நீ இந்தப் படிப்பில் சேர்ந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சேர்ந்த புதிதில் ஒரு நாள் தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்: "நீ அடிக்கிற மருந்துல சிலது கரப்பானோட நரம்புலதான்பா வேலை செய்யுது. ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்கு அனுப்பற சேதி நிக்கவே நிக்காது. துடிச்சித் துடிச்சி செத்துப்போகுது. நம்ம நரம்புலயும் சேதி அதே மாதிரிதான் போகுது."

"அப்ப இத்தினி வருசமா அடிக்கிறனே, நான் இன்னேரம் மல்லாக்கக் கெடந்து கால ஆட்டிகினு இருக்கணுமே?" என்றேன். அம்மா சிரித்துவிட்டாள். நீ சிரிக்கவில்லை.

"நீ கரப்பானவிட ரொம்பப் பெரிய ஆளுப்பா. உடனே ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் கொஞ்சமா, தினம் தினம் உள்ள போனா பல வருஷம் கழிச்சி மூளைய என்ன பண்ணும்னு முழுசா யாருக்கும் தெரியல. அதத்தான் நான் பாக்கப்போறேன்."

எனக்கே ஆப்பு வைக்கப் படிக்கிறாயா என்று கத்திவிட்டுத் தட்டைத் தள்ளினேன். இரண்டு வாரம் உன்னிடம் பேசவில்லை. நீ பாட்டுக்குத் தினமும் கல்லூரிக்குக் கிளம்பும்போது "வரேன்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாய். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த எனக்குத்தான் அது அவமானமாக இருந்தது.

அதற்கு அடுத்த வருஷம், மருந்து அடிக்கிறவர்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும், எந்தக் கம்பெனியிலும் ஆள் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள் என்று வாடிப்போய் உட்கார்ந்திருந்தாய். என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. என் பெண்ணுக்கு ஆள் கிடைக்கவில்லையா? மறுநாள் காலை குமணன்சாவடி டீக்கடைக்குப் போனேன். எங்கள் ஆட்கள் வேலைக்குப் பிரிகிற இடம் அது. பாப்பா கேட்கிறது, எல்லோரும் வரவேண்டும் என்றேன். ஒருத்தரும் லைசென்ஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. என்னோடு இருபது வருஷம் வேலை செய்த செல்வம் மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நாஷ்டா குடுப்பாங்களா அண்ணாத்தே?" ஒரு வேன் நிறைய ஏறிக்கொண்டார்கள்.

அந்த வேனில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். முன்சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து, "தோ பாருங்க, உள்ள பேப்பர் வெச்சிகினு கேள்வி கேப்பாங்க. மருந்த எப்டி கலக்குறீங்கன்னா, அளவு மூடில அளந்துன்னு சொல்லணும். கிளவுஸ், மாஸ்க் தெனம் போடறோம்னு சொல்லணும். ஒருத்தனும் மாத்திப் பேசக் கூடாது" என்றேன்.

செல்வம் தலையைச் சொறிந்தான். "மூடியா? அத்த நான் தொட்டதே இல்லையே. பாப்பாகிட்ட போயி எதுக்கு அண்ணாத்தே பொய்யி?"

"பாப்பா தனியாவாடா கீது? அத்தோட மேடமும் இருப்பாங்க. இவங்கப்பன் ஆளுங்கல்லாம் காட்டானுங்கன்னு நெனச்சிட்டா? பாப்பா மானம் போயிடும்டா."

கூட்டத்தில் மூத்தவன் நான். நான் சொன்னதை யாரும் மீறிப் பழக்கமில்லை.

உங்கள் கல்லூரித் துறையில் எங்களை மாப்பிள்ளை வீட்டார் மாதிரி உட்காரவைத்து இட்லி கொடுத்தாய். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாய், இரண்டு விரலை வேகமாகச் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னாய், சின்னச் சின்ன பாட்டில்களை நீட்டி என்ன வாசனை என்று கேட்டாய். கேள்வித்தாளை உன்னோடு படிக்கிறவர்கள் நிரப்பினார்கள். சொந்த அப்பாவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உங்கள் விதி. சும்மா இருந்திருக்க வேண்டியவன்தான். "மூக்கு அண்ணாத்தே இருக்கசொல்லோ எங்கள எதுக்கு மோந்து பாக்கச் சொல்ற பாப்பா?" என்று செல்வம் ஏற்றிவிட்டான். நானும் மீசையைத் தடவிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். முதல் பாட்டில். ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன், வெறும் காற்று. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சோப்பு" என்றேன். உள்ளே இருந்தது காபித்தூள். செல்வம் சிரிக்க ஆரம்பித்தவன் உன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். நீ பாட்டிலை மூடி வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அப்பாவுக்கு சளி. காலைலேந்து மூக்கடைப்பு. அப்புறமா பாக்கலாம்ப்பா" என்றாய். எனக்குச் சளி இல்லை என்று உனக்கு நன்றாகத் தெரியும். உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வேனில் நான் வீரம் பேசினேன், கடைசியில் என் மானத்தை நீ காப்பாற்றினாய்.

திரும்பும்போது வேனில் எல்லோரும் கூத்தடித்துக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். அதற்கு முன் மூன்று நாலு வருஷமாகவே மருந்தில் காரம் போய்விட்டது, கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று திட்டிக்கொண்டிருந்தேன். மூக்கில் ஏறவில்லையே என்று கூடக் கூட ஊற்றினேன். மருந்து அப்படியேதான் இருந்திருக்கிறது, என் மூக்குதான் போயிருக்கிறது. அப்படிக் கூட ஊற்றிய வீடுகளில் ஒன்று அயனம்பாக்கத்தில். சின்னஞ்சிறிசுகள், கைக்குழந்தையோடு புதிதாக வந்தவர்கள். மறுநாள் அந்தப் பெண் போன் செய்து கண்ணெல்லாம் எரிகிறது, குழந்தை வாந்தி எடுக்கிறது, என்ன அடித்தீர்கள் என்று அழுதாள். "நல்ல மருந்துன்னா அப்டித்தாம்மா இருக்கும், ஜன்னலத் தொறந்து வெய்யி" என்று அதட்டி வைத்துவிட்டேன். சில நாள் அந்தப் பெண்ணின் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்தார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். பிறகு காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிற வயசு. நன்றாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொள்கிறேன், ஆனால் எனக்குத் தெரியாது. வளர்கிற மூளை இந்த மருந்துகளை இன்னும் தாங்காது என்று நீ எழுதியிருக்கிற பக்கம் வந்தபோது, அம்மாவை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இந்தக் குழந்தை விஷயத்தை உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இனி நீ செய்ததைச் சொல்கிறேன். எங்கள் ஆட்களின் பதில்களை நீ பிரித்துப் பார்த்தபோது அத்தனை தாளிலும் ஒரே வார்த்தை. எல்லோரும் அளந்து ஊற்றுகிறார்கள், எல்லோரும் மாஸ்க் போடுகிறார்கள். ஆனால் பல பேருக்கு விரல் தடுமாறுகிறது, வாசனை தெரியவில்லை. மருந்தில் அதிகம் புழங்கியவன் யார், குறைவாகப் புழங்கியவன் யார் என்று பிரிக்கவே வழியில்லை. பால்கனியில் நின்று உன் மேடத்திடம் போனில் பேசினாய். நான் ஹாலில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "இல்ல மேடம், இத்தன பேரும் ஒரு வார்த்தகூட மாறாம சொல்றது உண்மையா இருக்க முடியாது. பொய்யின்னு தெரிஞ்சிகிட்டே நான் எப்படி எழுதறது? ஒரு வருஷம் போனா போகட்டும், திரும்பச் செய்யறேன்." உன்னோடு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு வருஷ உழைப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து, "என்னம்மா குழம்பு?" என்று கேட்டாய். யாரிடமும் ஒரு குறை சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று பாப்பா. இப்படி ஒரு பெண்ணை நான் பெற்றேனா என்று நினைத்தேன். அந்த நிமிஷமே எழுந்து வந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

அப்புறம் நீயே எங்கள் ஆட்களோடு வேலைக்குக் கிளம்பினாய். திருமழிசை கோடவுனில் மதிய வெயிலில் உடம்பு முழுக்க மூடிய அந்த அங்கியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, அவர்கள் அடிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கெட்டிலிருந்தும் கொஞ்சம் மருந்துத் தண்ணீர் எடுத்து, பெயர் போடாமல் எண் மட்டும் ஒட்டிய பாட்டிலில் வைத்துக்கொண்டாய். "ஏசில குந்திகினு இருக்க வேண்டிய பொண்ணு, உனக்கு ஏன் பாப்பா இந்த தலவிதி?" என்று செல்வம் கேட்டானாம். "நீங்க எப்பவும் ஊத்தறத ஊத்துங்க மாமா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், பாத்து எழுதிக்கறேன்" என்றாயாம். ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை, உபதேசம் செய்யவில்லை. பல மாசம் அப்படியே கூடப் போனாய். பக்கெட் பொய் சொல்லாது அல்லவா, லேபில் அளந்ததும் உண்மை உன் கைக்கு வந்துவிட்டது. உன் வேலை முடிந்த பிறகு ஒரு நாள் டீக்கடையில் செல்வத்தின் பக்கெட்டைப் பார்த்தேன். கைப்பிடியில் அளவு மூடியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். மாஸ்க் கழுத்தில் தொங்கியது. "இன்னாடா, கத்துக்குட்டி ஆயிட்டியா?" என்றேன். "ஆமா அண்ணாத்தே. நான் ஊத்தறத பாப்பா பாத்துகினே கீற மாதிரி கீது" என்றான். இத்தனை வருஷம் அவர்களுக்கு மேஸ்திரியாக இருந்த நான் செய்யாததை நீ வாய் பேசாமல் செய்தாய்.

ஆனால் அந்தச் செல்வம் உன்னிடம் ஒன்றை மட்டும் மறைத்தான். அன்றைக்கு ஏன் பொய் சொன்னீர்கள் என்று நீ கேட்டபோது, "லைசென்ஸ் போயிடும்னு பயந்துட்டோம் பாப்பா" என்றான். என்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. அந்த வார்த்தையைத்தான் நீ உன் புத்தகத்தில் எழுதிவிட்டாய். அதை நம்பித்தான் கடைசி அத்தியாயத்தில், பெயர் வெளியே வராது என்று உறுதி கொடுத்தால் தொழிலாளர்கள் உண்மையைச் சொல்வார்கள் என்று அடுத்து வருகிறவர்களுக்கு வழி சொல்லியிருக்கிறாய். யோசித்துப் பார், நீ முதல் நாளே அந்த உறுதியைக் கொடுத்தாயே. அவர்களைப் பொய் சொல்ல வைத்தது என் ஜம்பம். உன் சொல்லை நம்பி நாளைக்கு இன்னொரு ஊரில் இன்னொரு பிள்ளை இதே மாதிரி ஒரு வருஷத்தை இழக்கக் கூடாது. நீ போகிற நாட்டிலும் மருந்து அடிக்கிறவர்கள் இருப்பார்கள். எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொன்னால் அங்கே மூத்தவன் யார் என்று பார். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, முதலில் அவன் தொழில் பெருமையையெல்லாம் பேசவிடு. குறுக்கே பேசாதே. பேசி முடித்துக் களைத்த பிறகு எப்படிக் கலக்குகிறாய் என்று கேள், சொல்லிவிடுவான். மூத்தவனாக இருந்து பார்த்தவன் நான் சொல்கிறேன்.

நரம்பு டாக்டரிடம் வா என்று ஒரு வருஷமாகக் கூப்பிடுகிறாய். நடக்கும்போது இடது கை வீசவில்லை என்று முதலில் கண்டுபிடித்தது நீதான். அதுவும் வாசனை போனதும் பார்க்கின்சன் என்கிற நடுக்கு நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்றாய். வாசனை போனவர்களுக்கெல்லாம் அது வருவதில்லை, வந்தாலும் இந்த மருந்தால்தான் வந்தது என்று ஒரு ஆளைக் காட்டி அடித்துச் சொல்ல முடியாது என்று தைரியமும் சொன்னாய். நான் நோய்க்குப் பயந்து வரவில்லை என்று நினைத்தாய். எவ்வளவு ஊற்றினீர்கள் என்று டாக்டர் கேட்பார், நீ பக்கத்தில் நிற்பாய். அதற்குத்தான் பயந்தேன். சனிக்கிழமை காலை நேரம் வாங்கு, வருகிறேன். நீ பக்கத்திலேயே நில்.

அதற்கு முன்னால் அந்த வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுது. பெயர் போடக் கூடாது என்பது உங்கள் விதி, தெரியும். மூத்த தொழிலாளி ஒருவர் சொல்லிக்கொடுத்ததால் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று போடு, போதும். அட்டை போட்டு வந்ததும் ஒரு பிரதியை எனக்கென்று வாங்கி வை. அந்தப் பக்கத்தை அம்மாவிடம் கேட்டு மடித்து வைத்துக்கொண்டு குமணன்சாவடிக்கு எடுத்துப் போவேன். எங்கள் ஆட்கள் அத்தனை பேர் எதிரிலும் விரித்து, "இந்த மூத்த தொழிலாளி நான்தான். எழுதினது என் பொண்ணு" என்று சொல்வேன்.

அப்பா